முதலில் தண்ணீர், பிறகுதான் கன்று

நந்திக்கடல் இறாலைப் புதுக்குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அம்மம்மா அதற்கு உப்பும் மஞ்சளும் பிரட்டிப் பொரித்தால் வாசம் தெருமுனை வரைக்கும் போகும். ஆனால் அந்த இறால் பிறந்தது நந்திக்கடலில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா?

தாய் இறால் வெளிக்கடலில் முட்டை இடுகிறது. முட்டையிலிருந்து வெளியே வருவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன உயிர். அது நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் மிதந்து, பல தடவை தோல் கழற்றி, உருவம் மாறி, ஏறக்குறைய மூன்று கிழமையில் ஒரு சென்ரிமீற்றர் நீளமுள்ள குட்டி இறாலாகிறது. இனி அது வளர வேண்டுமென்றால் நிறையச் சாப்பாடு வேண்டும், மீன்களின் வாயில் படாமல் ஒளிந்துகொள்ள இடமும் வேண்டும். வெளிக்கடலில் இரண்டும் கிடைப்பது கஷ்டம். அதனால் கரைப்பக்கமாக வந்து, வட்டுவாகல் முகத்துவாரத்தால் நந்திக்கடல் களப்புக்குள் நுழைகிறது. களப்புக் கரையில் நிற்கும் மரங்களின் வேர்களுக்கு நடுவே சில மாதம் தங்கி வளர்கிறது. பெரிதானதும் முட்டை இட மறுபடி கடலுக்குப் புறப்படுகிறது. அப்படிப் போகும் வழியில்தான் பெரும்பாலும் வலையில் படுகிறது.

அந்த மரங்களைத்தான் நாங்கள் கண்டல் என்கிறோம். அவை அழுக்காலும் குப்பையாலும் தண்ணீர் ஓட்டம் அடைபட்டும் சாகும்போது, அவற்றை ஊர்ச்சனம் எப்படி மீட்டெடுக்கலாம் என்பதே இந்த முறை நாம் பேசப்போகிற விஷயம்.

பரந்தனிலிருந்து வரும் வீதி புதுக்குடியிருப்பைத் தாண்டி முல்லைத்தீவுக்குப் போகிறது. அதில் போகும்போது முள்ளிவாய்க்கால் பக்கத்தில் ஒரு புறம் கடலும் மறுபுறம் நந்திக்கடல் களப்பும் இருக்கும். வட்டுவாகல் பாலத்தில் ஏறினால் களப்பின் வாயையே கடக்கிறோம். களப்பின் மறுகரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலுக்குப் போகும் சனம் அந்தத் தண்ணீரைப் பார்க்காமல் திரும்புவதில்லை. முத்தையன்கட்டுக் குளத்துக்குத் தண்ணீர் தருகிற பேராறு, மிச்சத் தண்ணீரையும் வண்டலையும் கொண்டு வந்து சேர்க்கிற இடமும் இதுதான்.

உங்கள் அம்மா அப்பாவுக்கு இந்தக் கரையைப் பற்றி வேறு நினைவுகளும் இருக்கும். 2004 மார்கழியில் ஆழிப்பேரலை வந்தது இந்தக் கடலிலிருந்துதான். 2009 இல் போரின் கடைசி நாட்களைக் கண்டதும் இந்தக் கரைதான். அவர்கள் அதைச் சொல்ல விரும்பினால் பக்கத்தில் இருந்து கேளுங்கள். சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

சரி, மரத்துக்கு வருவோம். உங்கள் வீட்டு முருங்கையை உப்புத் தண்ணீர் நிற்கும் சேற்றில் நட்டால் என்ன ஆகும்? செத்துப் போகும். கண்டல் சாவதில்லை. ஏன்?

முதலில் உப்பைப் பார்ப்போம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. கண்டல் மரம் தண்ணீரை உறிஞ்சும்போதே பெரும்பங்கு உப்பை வேரிலேயே தடுத்து வெளியில் விட்டுவிடுகிறது. கண்டல் இனங்களில் ஒன்றான கண்ணா மரத்துக்கு வேறொரு வித்தையும் தெரியும். உள்ளே வந்த உப்பை அது இலையால் வெளியே தள்ளும். வெயில் ஏறிய பிறகு கண்ணா இலையைத் திருப்பிப் பாருங்கள், மினுங்கும் சின்னச் சின்ன உப்புப் பளிங்குகள் தெரியும். நாக்கில் வைத்தால் கரிக்கும். நக்கிப் பார்க்கும் முன்பு அது கண்ணாதானா என்று பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். ஏனென்றால் அதே கரையில் தில்லை மரமும் நிற்கும். தில்லையை ஒடித்தால் பால் வடியும். அது தோலில் பட்டால் எரிந்து கொப்புளம் போடும், கண்ணில் பட்டால் கொஞ்ச நாள் பார்வையே தெரியாமல் போகலாம். தில்லையோடு விளையாட்டே வேண்டாம்.

உப்பைவிடப் பெரிய சிக்கல் மூச்சு. வேருக்கும் ஒட்சிசன் வேண்டும். தோட்டத்து மண்ணில் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. களப்புச் சேற்றில் இல்லை. மேலே சில மில்லிமீற்றரைக் கிளறினாலே கறுப்புச் சேறு வரும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அது ஐதரசன் சல்பைட்டு வாயுவின் நாற்றம். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பற்றீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன.

அதனால் கண்ணா மரம் வேரை மேலே அனுப்புகிறது. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து சுண்டுவிரல் பருமனில் நூற்றுக்கணக்கான வேர்கள் வானத்தைப் பார்த்து நிற்குமே, அவை மூச்சு வேர்கள். இரண்டு மூன்று மீற்றர் உயரமுள்ள ஒரு கண்ணா மரத்துக்கு மட்டும் 10,000 க்கும் மேற்பட்ட மூச்சு வேர்கள் இருக்கலாம். ஒவ்வொன்றின் தோலிலும் சின்னத் துவாரங்கள் உண்டு. தண்ணீர் வற்றும்போது அவற்றால் காற்று உள்ளே போய்ச் சேற்றுக்குள் இருக்கும் வேர் வரை இறங்குகிறது. கண்டல் என்ற பெயரையே கொண்ட இன்னோர் இனத்துக்கு மூச்சு வேர் இல்லை. அது தண்டிலிருந்து வளைந்து இறங்கும் முட்டு வேர்களால் அதே வேலையைச் செய்கிறது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பீர்கள். பேர் ஷோலாண்டர் என்ற ஆய்வாளர் கண்டலின் முட்டு வேர்களில் உள்ள துவாரங்களை எல்லாம் கிறீஸ் பூசி அடைத்துவிட்டார். பிறகு சேற்றுக்குள் இருக்கும் வேரில் எவ்வளவு ஒட்சிசன் இருக்கிறது என்று அளந்தார். முன்பு நூற்றுக்கு 15 முதல் 18 பங்கு இருந்தது, இரண்டு நாளில் 2 பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. அவரும் கூட்டாளிகளும் இந்த முடிவை வெளியிட்டது 1955 இல். அவர்கள் பூசியது ஆராய்ச்சிக்காக. இன்றைக்கு அதே துவாரங்களை அடைப்பது நாங்கள்.

படகு எஞ்சினிலிருந்து சிந்துகிற எண்ணெய் தண்ணீரின் மேல் படர்ந்து, வற்றும்போது வேரில் ஒட்டிக்கொள்கிறது. வீதியோரம் எறிந்த சொப்பிங் பை மாரி வெள்ளத்தில் வாய்க்காலுக்குப் போய், வாய்க்காலால் களப்புக்கு வருகிறது. அங்கே மூச்சு வேர்களில் மாட்டி, அதன் மேல் வண்டல் படிந்து, அதன் மேல் அடுத்த பை வந்து மாட்டுகிறது. அறுந்த தங்கூசி வலைத் துண்டும் அப்படித்தான். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் ஆய்வாளர்கள் கண்டல் காட்டின் தரையை அளந்து பார்த்தார்கள். சராசரியாக ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 27 பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன. சில மரங்களின் மூச்சு வேர்களைப் பிளாஸ்டிக்கால் பாதி மூடியும், சிலவற்றை முழுதாக மூடியும் பரிசோதித்தார்கள். முழுதாக மூடப்பட்ட மரங்கள் இலைகளை இழக்கத் தொடங்கின. பாதி மூடப்பட்டவை தாக்குப்பிடித்தன. 2021 இல் வந்த முடிவு இது. எனக்கு இதில் பிடித்தது அந்தப் பாதிக் கணக்குத்தான். எல்லாக் குப்பையையும் ஒரே நாளில் எடுக்க முடியாவிட்டாலும், பாதி வேரைத் திறந்துவிட்டால் மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வயலுக்குப் போட்ட உரத்தின் மிச்சமும் வெள்ளத்தோடு களப்புக்கு வருகிறது. அதைத் தின்று பாசி பெருகுகிறது. பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஒட்சிசன் தீர்ந்துவிடும், மீன் மூச்சுத் திணறும்.

நண்டுகளையும் மறந்துவிடக் கூடாது. சேற்றில் அவை தோண்டும் வளைகளால் தண்ணீரும் காற்றும் கீழே போகும். அவுஸ்திரேலியாவில் சில இடங்களில் நண்டுகளைப் பிடித்து அகற்றிவிட்டுப் பார்த்தார்கள். அந்த இடங்களில் சேற்றில் சல்பைட்டு கூடியது, மரங்களின் வளர்ச்சி குறைந்தது. அந்த ஆய்வு 1991 இல் வெளியானது. கண்டல் இலை உதிர்ந்து விழ, நண்டு அதை வளைக்குள் இழுத்துக் கிழிக்க, பற்றீரியாவும் பூஞ்சணமும் அதை மென்மையாக்க, குட்டி இறால் வந்து தின்னும். நீங்கள் சாப்பிட்ட பொரித்த இறாலில் அந்த இலையும் இருக்கிறது.

சரி, மரம் செத்துவிட்டது. திரும்ப நட்டால் போச்சு என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். 2004 இல் ஆழிப்பேரலை வந்த பிறகு இலங்கை முழுவதும் அப்படித்தான் நினைத்தார்கள். கண்டல் காடு அலையின் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மை. அது எந்தப் பேரலையையும் நிறுத்திவிடும் மதில் அல்ல, ஆனால் பின்னால் இருக்கும் ஊருக்கு வரும் அடி குறையும். ஆகவே பல அமைப்புகள் வந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள், ஆயிரக்கணக்கில் கன்று நட்டார்கள், படம் எடுத்தார்கள்.

ருகுணு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுனந்த கொடிக்காரவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் சில ஆண்டுகளுக்குப் பிறகு அப்படி நட்ட 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். 2017 இல் வெளியான அவர்களின் கணக்கு இது. நட்ட பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். கண்டல் காடாக நின்றது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டும். 23 இல் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. நட்டதில் பாதிக்கு மேல் பிழைத்திருந்தவை 3 இடங்கள்தான்.

ஏன்? சில இடங்களில் தண்ணீர் எப்போதும் தேங்கி நின்றது, கன்று மூழ்கிச் செத்தது. சில இடங்களில் தண்ணீர் வரவே இல்லை. கண்ணா வளர வேண்டிய இடத்தில் கண்டல் நட்டார்கள், ஏனென்றால் கண்டல் கன்று எடுப்பது சுலபம். ஆடு மாடு தின்றது. பாசி மூடியது. ஓடுள்ள சிற்றுயிர்கள் தண்டில் மொய்த்து ஒட்டி, இளங்கன்றைப் பாரத்தில் சாய்த்தன. நட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. இந்தக் கணக்கைப் படித்தால் மனம் வலிக்கிறது. வெயிலில் சேற்றில் நின்று நட்ட பிள்ளைகளின் உழைப்பு அது.

கண்டல் கன்று எடுப்பது ஏன் சுலபம் என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மரங்களின் விதை நிலத்தில் விழுந்த பிறகுதான் முளைக்கும். கண்டல் விதையோ தாய் மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, பச்சையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லாவிட்டால் தண்ணீரில் மிதந்து போகும். மிதந்தபடியே பல கிழமை உயிரோடு இருந்து, ஏற்ற கரை கிடைத்ததும் வேர் விடும். கண்ணாவின் விதையும் மிதக்கும். அது பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, தட்டையானது. அதாவது இந்த மரங்களுக்குத் தங்களைத் தாங்களே நட்டுக்கொள்ளத் தெரியும். கரை ஏற்றதாக இருந்தால் விதை வந்து சேர்ந்துவிடும். வந்தும் முளைக்கவில்லை என்றால் அங்கே தண்ணீரில் ஏதோ பிழை. அந்தப் பிழையைத் திருத்தாமல் எத்தனை கன்று நட்டாலும் சாகும்.

இதைத் தமிழ்நாட்டில் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குக் கிட்டப் பிச்சாவரம் என்று ஒரு பெரிய கண்டல் காடு இருக்கிறது. அங்கே அதை அலையாத்திக் காடு என்பார்கள். 1970கள் வரை அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக முழுதாக வெட்டி விறகுக்கும் மரத்துக்கும் எடுத்தார்கள். வெட்டினால் திரும்ப வளரும் என்று நம்பினார்கள். வளரவில்லை. மக்கள் மேல், ஆடு மாடு மேல் பழி போட்டார்கள்.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் போய் மண்ணைப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. மரம் இருந்தவரை நிழல் இருந்தது. மரம் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது, சேறு காய்ந்து சுருங்கித் தாழ்ந்து பள்ளமானது. பெருக்கு நேரத்தில் பள்ளத்துக்குள் வந்த உப்புத் தண்ணீர் வற்று நேரத்தில் வெளியே போக வழி இல்லாமல் நின்றது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் மிஞ்சியது. நாளுக்கு நாள் உப்பு ஏறி, எந்த விதையும் முளைக்க முடியாத மண் ஆகிவிட்டது.

அவர்கள் செய்த வைத்தியம் வாய்க்கால் வெட்டுவது. ஆற்றிலிருந்து நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சரிவாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம் தெரியும். பெருக்கில் தண்ணீர் எல்லா இடமும் போய், வற்றில் முழுதாக வெளியே வரும். உப்புக் கழுவுப்பட்டது. வாய்க்கால் ஓரங்களில் கண்டல் இனங்களை நட்டார்கள், பிழைத்தன. வனத்துறையோடு சேர்ந்து வெட்டியவர்கள் அந்த ஊர் மீனவரும் மற்றச் சனமும்தான். வாய்க்காலில் வண்டல் படியும்போது திரும்பத் தூர் எடுக்க வேண்டும், அதையும் அவர்கள்தான் பார்க்க வேண்டியிருந்தது. 2004 ஆழிப்பேரலையின்போது அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் புளோரிடாவில் ரொபின் லூயிஸ் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஹொலிவூட் என்ற ஊரில் வெஸ்ட் லேக் பூங்கா என்று 500 ஹெக்டேயர் அளவான பாழ்பட்ட கண்டல் நிலம். அவர் முதலில் நல்ல காடு நிற்கும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்தார். மொத்த நேரத்தில் 100 இல் 30 பங்கு நனைந்தும் 70 பங்கு காய்ந்தும் இருந்தது. பாழ்நிலத்தில் கொட்டியிருந்த மண்ணை அகற்றி, வாய்க்கால் திறந்து, அதே அளவு தண்ணீர் வந்து போகும்படி செய்தார். ஒரு கண்டல் கன்றுகூட நடவில்லை. அங்கே வளரும் மூன்று கண்டல் இனங்களும் தாங்களாகவே மிதந்து வந்து காடாகிவிட்டன.

இலங்கையிலும் அப்படியொரு வேலை நடக்கிறது. புத்தளம் மாவட்டத்தில் ஆனைவிழுந்தான் சரணாலயம் 2001 முதல் உலக அளவில் மதிக்கப்படும் ராம்சார் ஈரநிலங்களில் ஒன்று. அதற்குள்ளேயே கண்டலை அழித்து இறால் பண்ணைக் குளங்கள் கட்டியிருந்தார்கள். குளம் கைவிடப்பட்ட பின்பும் வரம்பு நின்றது, தண்ணீர் வந்து போகவில்லை. வனசீவராசிகள் திணைக்களமும் வயம்ப பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, தண்ணீர் மறுபடி இயல்பாக ஓட வழி செய்து கண்டலை மீட்கத் தொடங்கினார்கள். 2024 மாசியில் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீட்பை உலகுக்கே முன்மாதிரியான ஏழு முயற்சிகளில் ஒன்றாக அறிவித்தது. முன்பு 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சாமல் தோற்ற நாடு இது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. எண்ணிப் பார்த்தார்கள், ஏன் செத்தது என்று கேட்டார்கள், முறையை மாற்றினார்கள்.

தண்ணீர் சரியானாலும் சனம் இல்லாமல் காடு நிற்காது. விறகுக்கு வேறு வழி இல்லாத வீட்டுக்காரர் கண்டலைத்தான் வெட்டுவார். சிலாபத்துக்குக் கிட்டப் பம்பலவில் இருந்து வேலை செய்யும் சுதீச என்ற சிறு மீனவர் அமைப்புக்கு இது தெரிந்திருந்தது. 2015 இல் சீக்கொலொஜி என்ற அமைப்போடு சேர்ந்து நாட்டின் 48 களப்புகளைச் சூழ உள்ள கண்டலைக் காக்க அவர்கள் ஒரு திட்டம் தொடங்கினார்கள். 15,000 பேருக்குத் தொழிற்பயிற்சியும் சிறு கடனும் கொடுப்பது, அவர்கள் தங்கள் ஊர்க் கண்டலைக் காப்பது என்பதுதான் உடன்படிக்கை. அந்தப் பதினையாயிரம் பேரில் கணவனை இழந்த பெண்களும் பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட இளையோருமே முக்கியமானவர்கள். பம்பலவில் 2016 யூலை 26 அன்று உலகின் முதல் கண்டல் அருங்காட்சியகமும் திறந்தார்கள். யூலை 26 உலகக் கண்டல் நாள். இதேபோலக் கென்யாவின் காசி விரிகுடாவிலும் ஊர்ச்சனம் 117 ஹெக்டேயர் கண்டலைப் பாதுகாக்கிறார்கள். அந்த மரங்களும் சேறும் பிடித்து வைத்திருக்கும் காபனுக்காக வெளிநாடுகளிலிருந்து காசு வருகிறது. அந்தக் காசில் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகமும் ஊருக்குக் குழாய்த் தண்ணீரும் வந்தன.

இனி எங்கள் களப்பு. 2017 இல் நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கங்களாக அறிவிக்கப்பட்டன. வடக்கே சுண்டிக்குளம் 1938 முதல் சரணாலயம், 2015 முதல் தேசியப் பூங்கா. சட்டம் இருப்பது நல்லது. ஆனால் களப்பில் தொழில் செய்பவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் களப்பைக் காக்கலாம் என்று நான் நம்பவில்லை. எந்த மாதம் முகத்துவாரம் அடைபடும், எந்தப் பக்கத்துத் தண்ணீர் முதலில் நாறும், எந்தக் கரையில் முன்பு கண்டல் நின்றது என்பதெல்லாம் தோணியில் போகிற மாமாமாருக்குத்தான் தெரியும்.

எங்கள் களப்புக்கு ஒரு தனிக்குணம் உண்டு. எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு சிறியது, நீர்மட்டம் ஒரு மீற்றர்கூட ஏறி இறங்குவதில்லை. ஆகவே இங்கே நாளுக்கு நாள் வருகிற பெருக்கைவிட மாரியும் கோடையும்தான் தண்ணீரை ஏற்றி இறக்குகின்றன. மாரியில் பேராற்று வெள்ளம் வந்து களப்பு நிரம்பினால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். கோடையில் வாய் மணலால் அடைபட்டால், வெயிலில் தண்ணீர் ஆவியாகிக் கடலைவிடவும் உப்பாகிவிடலாம். உப்பை நன்றாகத் தாங்கும் கண்ணா மரம் இப்படிப்பட்ட களப்புகளில் அதிகமாக நிற்பதற்குக் காரணம் இதுதான். புளோரிடாவின் 30 பங்குக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து போட முடியாது. எங்கள் கணக்கை நாங்களே எடுக்க வேண்டும்.

அதை நீங்கள் எடுக்கலாம். ஆசிரியர் ஒருவரோடும் தொழில் தெரிந்த பெரியவர் ஒருவரோடும் போங்கள். ஒதுக்கத்துக்குள் எதையும் செய்ய முன்பு வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தரிடம் அனுமதி கேட்க வேண்டும், அதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். எங்கள் கரையில் இன்னும் ஒரு விதி உண்டு, நீங்கள் எல்லாரும் அறிந்தது: இன்னதென்று தெரியாத இரும்புப் பொருள் எதைக் கண்டாலும் தொடாமல், தட்டாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவரிடம் சொல்ல வேண்டும். சேற்றைத் தோண்டும் வேலை உங்களுக்கு இல்லை.

குப்பை எடுக்கும்போது மூச்சு வேர்களுக்கு மேல் நடக்காதீர்கள், ஒடிந்துவிடும். கரையோரத்தில் ஒரே தடத்தில் நடந்து, கைக்கு எட்டுவதை எடுங்கள். வேரில் சுற்றிய வலையையும் பொலித்தீனையும் இழுக்காமல் கத்தரிக்கோலால் வெட்டித் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். எடுத்ததை எண்ணுங்கள்: போத்தல் எத்தனை, பை எத்தனை, வலை எவ்வளவு. எது அதிகம் என்று தெரிந்தால் அது எங்கேயிருந்து வருகிறது என்று தேடலாம். பை அதிகமென்றால் சந்தையோடும் வாய்க்காலோடும் பேச வேண்டும், வலை அதிகமென்றால் கடற்றொழிலாளர் சங்கத்தோடு பேச வேண்டும். வாய்க்கால் களப்பில் விழும் இடத்துக்கு முன்னால் ஒரு கம்பிவலை போட்டு, மாரி தொடங்கும்போது கிழமைக்கு ஒருமுறை துப்புரவு செய்தால், களப்புக்குள் இறங்கி எடுக்க வேண்டிய குப்பை குறையும்.

தண்ணீரை அளக்க இரண்டு நேரான தடிகள் போதும். பத்துப் பத்துச் சென்ரிமீற்றருக்கு நிறம் பூசுங்கள். ஒன்றைக் கண்ணா மரங்கள் நன்றாக நிற்கும் இடத்தில் நடச் சொல்லுங்கள். மற்றதை மரம் செத்துப்போன இடத்தில் நடச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில், இரண்டிலும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் மழை பெய்ததா, முகத்துவாரம் திறந்ததா அடைத்ததா, மிதக்கும் விதை கண்டீர்களா, கண்டால் எந்த மாதம் என்றும் எழுதுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் முடியட்டும். செத்த இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றிருந்தால் அங்கே வெளியேற வழி வேண்டும். தண்ணீரே போகாமல் காய்ந்து கிடந்திருந்தால் உள்ளே வர வழி வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு தண்ணீர் என்றால் குப்பையா, எண்ணெயா, மாடா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் விதை மட்டும் வரவில்லை என்றால், அப்போது நாற்று போடலாம், கன்று நடலாம். அந்த இடத்தில் முன்பு நின்ற இனத்தையே நட்டு, மாடு வராமல் வேலி கட்டி, அடுத்த வருடமும் போய் எண்ண வேண்டும்.

கொப்பி நிரம்பியதும் அதை அலுமாரியில் வைக்காதீர்கள். உங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கம் கூட்டம் கூடும் நாளில் ஆசிரியரோடு போய், பெரியவர்கள் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று அவர்கள் முடிவு செய்யும் மாதத்துக்கு முன்பே போய்விட வேண்டும்.